ஓரத்தில் சேர்த்த வரி

கிரிம்ஸ்பி,
3 அக்டோபர் 1993

அன்புள்ள மேவிஸ் பெரியம்மாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். கார்லைலில் குளிர் தொடங்கிவிட்டதா? உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? டஃபி இன்னும் தபால்காரரைப் பார்த்துக் குரைக்கிறதா?

முதலில் விதிகளை எழுதிவிடுகிறேன். ஜாமீன் தாளை மூன்று முறை படித்தேன். க்ளென் அண்ணன் வழக்கு முடியும்வரை உங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். கிரிம்ஸ்பிக்குள் கால் வைக்கக் கூடாது. அரசுத் தரப்புச் சாட்சிகளோடு நேரடியாகவோ பிறர் மூலமாகவோ எந்தத் தொடர்பும் கூடாது. அந்தச் சாட்சிகளில் நானும் ஒருத்தி. ஆகவே நான் அவனைப் பற்றிக் கேட்க மாட்டேன், நீங்களும் சொல்லக் கூடாது. இருபது வருடமாக நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி போட்டுப் பெயர் கூப்பிடுகிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிவிட்டால் எனக்கு நிம்மதி.

அம்மா தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னதால் உங்களுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ராய் மாமாவின் இருபத்தைந்தாவது கல்யாண நாள் விருந்து, துறைமுகத் தொழிலாளர் கிளப்பில். நான் கோட்டுகள் தொங்கும் மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். மீன் கடை ஆலன் டாஸ்கர் நன்றாகக் குடித்திருந்தான். அண்ணனும்தான். ஆலன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஏன்டா க்ளென், உங்கப்பன்கிட்டருந்து வாழ்த்து அட்டை வந்துச்சா? இல்ல, ஓடிப்போன இடத்துல விலாசத்தை மறந்துட்டானா?" என்றான். சிலர் சிரித்தார்கள். பிறகு கிளாஸ் உடைந்தது. ஆலனின் இடது கன்னம் காதருகிலிருந்து வாய்வரை பிளந்துவிட்டது.

மறுநாள் ஆர்மராட் என்ற போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார். எழுத்து கோழி கிளறியது மாதிரி. "அவன் கிளாஸால் ஆலன் முகத்தில் அடித்தான்" என்று எழுதி வாசித்துக் காட்டினார்.

"சார், அந்த வாக்கியம் நொண்டுது," என்றேன்.

"நொண்டுதா?"

"கிளாஸ் எங்கருந்து வந்துச்சுன்னே இல்லையே."

"அப்படியா தாயே. எங்கருந்து வந்துச்சு, நீயே சொல்லு."

"பின்னாடி மேசையிலருந்து. கையைப் பின்னால நீட்டி எடுத்தான்."

அதை அவர் ஓரத்தில் சேர்த்தார். சேர்த்த இடத்தில் என் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டுச் சுருக்கொப்பம் வைக்கச் சொன்னார். போகும்போது, "பத்தொன்பது வருஷ சர்வீஸ்ல இவ்வளவு கோர்வையா எனக்கு யாரும் சொன்னதில்ல. படிப்பை முடிச்சிட்டு எங்ககிட்ட வந்துரு," என்றார். அம்மா தேநீர்ப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த வருடம் பள்ளியில் சட்டத்தையும் ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்,
ஹெஸ்டர்

*

கார்லைல்,
12 அக்டோபர் 1993

அன்புள்ள ஹெஸ்டர்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் என் சொல்லைக் கேட்பதில்லை. மற்றபடி சுகம். அம்மாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

விதியை எழுதிய கையோடு நீயே அதை மீறிவிட்டாய். வழக்கைப் பற்றியோ நீ கொடுத்த வாக்குமூலத்தைப் பற்றியோ இனி ஒரு வரிகூட எனக்கு எழுதாதே. குற்றம் சாட்டப்பட்டவன் சாப்பிடுகிற மேசையில் சாட்சியின் கடிதம் கிடந்தது என்று தெரிந்தால், நான் உனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன் என்பார்கள். இத்தனை வருடம் மற்றவர்களுக்கு நான் சொல்லி வந்த விதி இது. என் வீட்டுக்கு மட்டும் வேறு விதி கிடையாது.

சட்டம் படிக்கிறாய் என்பது சந்தோஷம். போன வாரம் எங்கள் நீதிமன்றத்தில் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர் மீது தோட்டத்துக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிய வழக்கு. "தண்ணிதானேய்யா, ஆசிட்டா ஊத்துனேன்?" என்று கேட்டார். தண்ணீரும் அடிதான் என்று அபராதம் போட்டார்கள். உன் டீச்சரிடம் சொல்.

டஃபி சுகம். தபால்காரர் மாறிவிட்டார். புதியவர் ரொட்டித் துண்டு போடுகிறார்.

அன்புடன்,
மேவிஸ் பெரியம்மா

*

கிரிம்ஸ்பி,
7 நவம்பர் 1993

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இரண்டு பேரும் நலம். அம்மாவுக்குக் கொஞ்சம் இருமல். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

தண்ணீர் வழக்கை கார்சைட் டீச்சரிடம் சொன்னேன். வகுப்பே சிரித்தது. இப்போது அந்தப் பாடம்தான் நடக்கிறது: உயிர் போகாமல் உடலுக்குச் செய்யும் குற்றங்கள். பெரியம்மா, இது ஏணி மாதிரி இருக்கிறது! கீழ்ப்படியில் தொடவே வேண்டாம். கையை ஓங்கி, அடி விழப்போகிறது என்று ஒருவரை நினைக்க வைத்தாலே தாக்குதல். அடுத்த படி தொடுவது. சட்டையைத் தொட்டால்கூடப் போதும். அதற்கு மேல் நாற்பத்தேழாம் பிரிவு: வீக்கம், கன்றிப்போதல். பல் லேசாக உடைவதுகூட அதில் வரும். காயம் என்றால் தோலின் எல்லா அடுக்கும் அறுபட்டிருக்க வேண்டும். உள்ளே எவ்வளவு ரத்தம் கட்டினாலும் சட்டத்துக்கு அது காயமில்லை. 1861-இல் எழுதிய சட்டம், இன்னும் மாற்றவில்லை.

நைஜல் என் தலைக்கு மேல் அளவுகோலை ஓங்கினான். "டீச்சர், முதல் படி!" என்று கத்தினேன். அவன், "நீ பயந்தியா? பயப்படலேல்ல? அப்ப குற்றமே இல்ல," என்றான். அவன் சொன்னது ஏறக்குறையச் சரி.

இருபதாம் பிரிவும் பதினெட்டாம் பிரிவும் கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான். மேல் இரண்டு படிகள்.

ஐந்தாம் தேதி, ஊரெல்லாம் நெருப்பு மூட்டி வாணம் விடுகிற நாளுக்கு அம்மா இஞ்சிக் கேக் செய்தாள். வழக்கமாக ராக்கெட் கொளுத்துகிற ஆள் இல்லாததால் (யாரென்று எழுதவில்லை) பெட்டி அப்படியே இருக்கிறது. கேக்கில் பாதியை இதோடு அனுப்பியிருக்கிறேன். உங்களுக்குத்தான்.

அன்பு மகள்,
ஹெஸ்டர்

*

கார்லைல்,
28 நவம்பர் 1993

அன்புள்ள ஹெஸ்டர்,

பதில் தாமதம். பனிக்காலத்தில் எல்லாரும் குடித்துவிட்டு விழுந்து, எழுந்து, அடித்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு வேலை அதிகம். நான் சுகம். அம்மாவின் இருமலுக்கு டாக்டரிடம் போகச் சொல்.

கேக் வந்த அன்றே காலி. எனக்கு ஒரு துண்டுதான் கிடைத்தது. ஜாம் புட்டியும் வாரத்துக்கு ஒன்று தீர்கிறது. எல்லாவற்றையும் நாய் தின்கிறது என்று வைத்துக்கொள்.

நாய் கொஞ்சம் இளைத்துவிட்டது. வேறொன்றுமில்லை.

அன்புடன்,
மேவிஸ் பெரியம்மா

*

கிரிம்ஸ்பி,
16 ஜனவரி 1994

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது. நீங்கள் அனுப்பிய கம்பளிக் கையுறை சரியான அளவு.

எழுதக் கூடாது என்றீர்கள். ஆனால் இதைக் கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை.

வியாழக்கிழமை கார்சைட் டீச்சர் கரும்பலகையில் இரண்டு எண்களை எழுதினார். 20. 18. இரண்டிலும் காயம் ஒன்றே, ஆயுதம் ஒன்றே, தையல்களின் எண்ணிக்கையும் ஒன்றே. இருபதில் அதிகபட்சம் ஐந்து வருடம். பதினெட்டில் ஆயுள். "என்ன வித்தியாசம்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்," என்றார். பிறகு அவரே சொன்னார்: "அடிச்சவன் மனசுல என்ன இருந்துச்சுங்கறதுதான். கோபத்துல கை வீசுனானா, இல்ல பெரிய காயம் பண்ணணும்னே பண்ணுனானா."

"மனசை எப்படி டீச்சர் பாக்குறது?" என்று நைஜல் கேட்டான்.

"கையைப் பார்த்துத்தான். ஒருத்தன் குடிச்சிட்டிருந்த கிளாஸோட அப்படியே கையை வீசிட்டான்னு வை. என்ன ஆகும்னு யோசிக்காத முட்டாள்னு சொல்லலாம். அதே ஆள் திரும்பி, மேசையிலருந்து கிளாஸை எடுத்து அடிச்சான்னா? எடுக்குற அந்த ஒரு நொடியில முடிவு பண்ணிட்டான்னு அர்த்தம்."

எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். என் பேனா நகரவில்லை.

பெரியம்மா, அண்ணன் கிளாஸை எடுத்ததை நான் பார்க்கவில்லை. புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டும் முன் நிமிர்ந்தபோது அவன் பின்னால் மேசையில் ஒரு கிளாஸ் இருந்தது. பிறகு ஆலனின் குரல், சிரிப்பு. நான் பக்கத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தேன். கை அப்போதே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மேசை மேலிருந்ததைத்தான் எடுத்திருக்க வேண்டும் என்று நானே கோர்த்துக்கொண்டேன். கோர்க்காவிட்டால் வாக்கியம் முழுமையாக இல்லை. நான் பொய் சொல்லவில்லை. பொய் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

இதை எங்கே, யாரிடம் சொல்வது? சொன்னால் எனக்கு என்ன ஆகும்? தயவுசெய்து உடனே எழுதுங்கள்.

ஹெஸ்டர்

*

கார்லைல்,
24 பிப்ரவரி 1994

அன்புள்ள ஹெஸ்டர்,

நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் ஜனவரிக் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். "எழுதக் கூடாது என்றீர்கள்" என்ற வரிவரை படித்தேன். அங்கேயே மடித்துவிட்டேன். ஐந்து வாரமாக அது சமையலறை இழுப்பறையில் கரண்டிகளுக்கு அடியில் கிடந்தது. படிக்கவும் முடியவில்லை, கிழிக்கவும் மனம் வரவில்லை.

என்ன எழுதியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. எழுதித் தந்ததில் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால், அதை எழுதிக்கொண்டவரிடம் சொல்வதுதான் வழக்கம். இதை எந்தச் சாட்சிக்கும் சொல்வேன். உனக்காகச் சொல்லவில்லை.

கோபம் என்று நினைக்காதே. எங்கள் நீதிமன்ற வாசலில் அம்மாக்களும் அத்தைகளும் சாட்சிகளின் கையைப் பிடித்துக்கொண்டு காதில் ஏதோ சொல்வதை இருபது வருடமாகப் பார்க்கிறேன். "இங்க பேசக் கூடாதும்மா, தள்ளி நில்லுங்க" என்று அவர்களை விலக்குகிறவள் நான்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மேவிஸ் பெரியம்மா

*

கிரிம்ஸ்பி,
20 மார்ச் 1994

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலம். அம்மா இரவு வேலையை விட்டுவிட்டாள். இப்போது பகலில் தொழிற்சாலைக்குப் போகிறாள். உங்கள் நலத்தைப் பற்றி எழுதுங்கள்.

திரும்பி வந்த கடிதத்தை என் அகராதிக்குள் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னபடியே செய்யலாம் என்று மறுநாளே போலீஸ் நிலையம் போனேன். எதற்கு என்று எழுத மாட்டேன். ஆர்மராட் சார் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். மேசையில் இருந்தவர் என் பெயரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஓ, கிளப் கேஸா. அண்ணனைக் காப்பாத்த வந்துட்டியா?"

அதட்டவில்லை, பெரியம்மா. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இல்ல சார், சும்மா வந்தேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். போலீஸ் நிலையத்துக்கு யாராவது சும்மா போவார்களா?

இன்னொன்று. இது வழக்கில்லை, மீன் வாங்கிய கதை. அம்மா ஆலனின் கடைப்பக்கம் போவதே இல்லை. சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகிறாள். நேற்று மழை பெய்ததால் நான் சந்தைக்குள்ளேயே ஒதுங்கினேன். அவன்தான் கூப்பிட்டான்.

"ஏய் ஹெஸ்டர்! என்னைப் பார்த்து ஏன் ஒளியுற? மீனா கடிக்கப் போகுது?"

கிட்டே போனேன். கன்னத்தில் தழும்பு சிவப்பாக இருக்கிறது. சிரித்தால் வலது பக்கம் மட்டும் மேலே போகிறது. பேசும்போது அடிக்கடி புறங்கையால் இடது உதட்டைத் துடைத்துக்கொள்கிறான்.

"எச்சில் வழியுறது எனக்கே தெரிய மாட்டேங்குது. நரம்பு போச்சாம்," என்றான். "உங்கப்பாவைப் பத்தி நான் பேசியிருக்கக் கூடாது. அம்மாகிட்ட சொல்லிரு."

"சொல்றேன்."

"ஆனா ஒண்ணு கேட்டுக்க. நான் அன்னைக்கு ஒண்ணுமே பாக்கல. கிளாஸ் வந்ததே தெரியாது. குடிச்சிட்டு ஏதோ கையை வீசிட்டான்னுதான் நினைச்சேன். போலீஸ்ல சொன்னப்புறம்தான் தெரியும், அவன் வேணும்னே மேசையிலருந்து எடுத்து அடிச்சான்னு. அதுதான் எனக்கு ஆறல. நீதான பார்த்த?"

நான் தலையை எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு துண்டு ஹாடக் மீனைத் தாளில் சுற்றிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், வேறு கடையில் வாங்கியதாகச் சொன்னேன்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி லிங்கன் நீதிமன்றத்தில் விசாரணை. பள்ளியில் விடுப்புக் கேட்டிருக்கிறேன்.

ஹெஸ்டர்

*

கிரிம்ஸ்பி,
9 ஏப்ரல் 1994

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலம், நீங்களும் நலமென நினைக்கிறேன்.

இதை நீங்கள் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. எழுதியாக வேண்டும். போலீஸ் நிலையத்துக்கும் அரசு வக்கீல் அலுவலகத்துக்கும் இன்று காலை ஒரே கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். க்ளென் கிளாஸை எடுத்ததை நான் பார்க்கவில்லை, ஓரத்தில் சேர்த்த வரி என் ஊகம் என்று எழுதி முழுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கூண்டிலும் அதையேதான் சொல்வேன். என்னைப் பொய்க்காரி என்பார்கள். சொல்லட்டும்.

மூன்று மாதம் தாமதம். பெட்டிக்குள் கடிதம் விழுந்த பிறகு அஞ்சல் அலுவலகப் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்பு மகள்,
ஹெஸ்டர்

*

கார்லைல்,
13 ஏப்ரல் 1994

அன்புள்ள ஹெஸ்டர்,

தொலைபேசியில் அம்மாவிடம் செய்தியை மட்டும்தான் சொல்ல முடிந்தது. மற்றதை எழுதுகிறேன்.

க்ளென் யாரிடமும் சொல்லாமல் தன் வக்கீலுக்கு எழுதி வழக்கை முன்கூட்டியே எடுக்க வைத்திருக்கிறான். என்னிடம், "சும்மா தேதி குறிக்கிற வேலை, அம்மாகிட்ட வர வேண்டாம்னு சொல்லிருங்க," என்றான். நானும் அப்படியே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் லிங்கன் போனோம். நியூவார்க் தாண்டிய பிறகுதான் என்னிடம் சொன்னான். "பெரியம்மா, நாளைக்கு நான் ஒத்துக்கப் போறேன். பதினெட்டுக்கே." எவ்வளவோ கேட்டேன். சன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். திங்கட்கிழமை பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. தண்டனையைத் தீர்மானிக்கத் தேவையான அறிக்கைகள் முன்பே தயாராக இருந்தன. மூன்றரை வருடம். அவன் பெயரை ஒரு பெண் கூப்பிட்டாள். என் மாதிரியே கறுப்பு அங்கி.

செவ்வாய்க்கிழமை தனியாக வீடு திரும்பினேன். கதவைத் திறந்தபோது உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் கால்மிதி மேல் கிடந்தது. இந்த முறை முழுவதும் படித்தேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

ஜனவரியிலேயே படித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. ஒரு வக்கீலின் பெயராவது சொல்லியிருப்பேன். விதியைக் காப்பாற்றினேன். அது என்னவோ உண்மை.

இனி அவனைப் பற்றி எழுதத் தடையில்லை. ஏழு மாதமும் தபால் வரும் நேரத்தில் அவன் கூடத்துக்கு வந்து நிற்பான். உறை மேல் உன் கையெழுத்தைப் பார்ப்பான். ஒன்றும் கேட்க மாட்டான். டஃபியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். கேக்கைத் தின்றவன் அவன்தான். அழுதுகொண்டே தின்றான்.

உன் கடிதத்தில் இருப்பதை அவனிடம் நான் சொல்லப் போவதில்லை. அது நீ எழுத வேண்டியது.

அன்புடன்,
மேவிஸ் பெரியம்மா

*

லிங்கன் சிறை,
21 ஏப்ரல் 1994

ஏய் வாத்தியாரம்மா,

எப்படி இருக்க? அம்மா எப்படி இருக்கா? நான் நல்லாத்தான் இருக்கேன். சாப்பாடு பள்ளிக்கூடச் சாப்பாடு மாதிரி, அதைவிடக் கொஞ்சம் மோசம். கூட இருக்குறவன் குறட்டை விடுறான். உன்னை மாதிரி எழுத எனக்கு வராது, பேசுற மாதிரியே எழுதுறேன். சிரிக்காத.

நான் ஏன் ஒத்துக்கிட்டேன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்காளாம். உனக்குச் சொல்றேன், நீ அவளுக்குப் புரியுற மாதிரி சொல்லிரு.

எனக்கு ஞாபகம் இருந்தது என்னன்னா, கிளாஸ் முன்னாடியே என் கையில இருந்துச்சு. குடிச்சிட்டுத்தான் நின்னேன். போலீஸ்லயும் அதான் சொன்னேன். அப்புறம் வக்கீல் உன் வாக்குமூலத்தைக் கொடுத்தாரு. நாலு பக்கம். ஓரத்துல உன் சின்னக் கையெழுத்து. கையைப் பின்னால நீட்டி எடுத்தான்னு இருந்துச்சு. நான் குடிச்சிருந்தேன். நீ ஆரஞ்சு ஜூஸ். நீ பொறந்ததுலருந்து ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்ல. சின்ன வயசுல ஜன்னலை உடைச்சது நான்தான்னு நீதான அப்பாகிட்டச் சொன்ன? அதனால எனக்குத்தான் தப்பா ஞாபகம்னு முடிவு பண்ணிட்டேன். தினம் அதை எடுத்துப் படிச்சேன். பத்து நாள்ல என் கை பின்னால போறது எனக்கே தெரிய ஆரம்பிச்சிருச்சு. அப்ப நான் அப்படிப்பட்ட ஆளுதான் போலன்னு நினைச்சேன்.

வக்கீல் வேற வழி வச்சிருந்தாரு. "தங்கச்சி கதைப் புத்தகம் படிக்குற பொண்ணு, இல்லாததைச் சேர்த்துச் சொல்லிருச்சுன்னு காட்டிரலாம். கூண்டுல ஒரு மணி நேரம் நின்னா அழுதுரும்," அப்படின்னாரு. என் தங்கச்சியை அப்படிப் பேசாதீங்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். உன்னைப் பொய்க்காரின்னு நாலு பேர் முன்னாடி ஒருத்தன் சொல்றதுக்கு நான் சம்மதிக்க முடியாது.

பரீட்சைக்கு ஒழுங்கா படி.

க்ளென்

*

கிரிம்ஸ்பி,
8 மே 1994

அன்புள்ள க்ளென் அண்ணா,

அம்மா நலம். நான் நலம் என்று எழுதினால் அதுவும் சரியாக இருக்காது.

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. நான்கு முறை பதில் எழுதிக் கிழித்தேன். அவற்றில் வாக்கியங்கள் நன்றாக இருந்தன. அதனால்தான் கிழித்தேன்.

நான் பார்க்கவில்லை.

கிளாஸ் மேசையில் இருந்ததை முன்பு ஒருமுறை பார்த்தேன். அது உன்னுடையதா என்றுகூடத் தெரியாது. பிறகு படித்துக்கொண்டிருந்தேன். ஆலன் பேசியது காதில் விழுந்தது. நிமிர்ந்தபோது உன் கை இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் போன கையை நான் பார்க்கவே இல்லை. போலீஸ்காரர் எங்கிருந்து என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நான் எல்லாவற்றையும் கவனிக்கிறவள் என்று எல்லாரும் சொல்வார்கள் இல்லையா?

நீ நினைவு வைத்திருந்ததுதான் சரியாக இருக்கலாம். அதை என் ஒரு வரி அடித்துவிட்டது. உன் வக்கீல் என்னைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை, அண்ணா. அவரைப் பேச விட்டிருக்கலாம்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி போலீசுக்கும் அரசு வக்கீலுக்கும் இதை எழுதினேன். ஜனவரியிலேயே எனக்குத் தெரியும். பயந்துகொண்டு இருந்துவிட்டேன். நீ ஒப்புக்கொண்டது பதினொன்றாம் தேதி. உன் வக்கீலுக்கும் இப்போது ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். ஆலனையும் போய்ப் பார்த்துச் சொன்னேன். அவன் வெகுநேரம் மீனைச் சுத்தம் செய்துகொண்டே இருந்தான். பிறகு, "அப்ப யாருமே பாக்கலையா?" என்று மட்டும் கேட்டான்.

பார்க்க வர அனுமதிச் சீட்டு உன் கையிலிருந்துதான் வர வேண்டுமாம். அதில் என் பெயரை எழுதினால் வருவேன். எழுதாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன்.

ஹெஸ்டர்

*

லிங்கன் சிறை,
19 ஜூன் 1994

ஹெஸ்டர்,

நல்லா இருக்கேன். அம்மாவுக்கு முதுகு வலின்னு பெரியம்மா எழுதியிருந்தாங்க. கனமான பெட்டியைத் தூக்க விடாத.

ஆறு வாரமா உனக்கு எழுதல. என்ன எழுதுறதுன்னு தெரியல. வக்கீல் வந்தாரு, வேற ஆளு. மேல்முறையீட்டுக்குத் தாள் போட்டிருக்காரு. "கஷ்டம்தான். ஒத்துக்கிட்டவன் பின்வாங்குறான், தங்கச்சி காப்பாத்த வருதுன்னு சொல்வாங்க," அப்படின்னாரு. மாசக்கணக்காகுமாம்.

ஆலன் மூஞ்சியைக் கிழிச்சது நான். அதுல உனக்குப் பங்கு இல்ல. ஆனா இத்தனை மாசம் நான் என்னை வேற ஆளுன்னு நினைச்சிட்டிருந்தேன். இப்ப கண்ணை மூடினாலும் கை பின்னால போகுது. எது எனக்கு ஞாபகம், எது நீ எழுதுனதுன்னு பிரிக்க முடியல. அதுக்குத்தான் கோபம். மூன்றரை வருஷத்துக்கு இல்ல.

சீட்டு இதோட வச்சிருக்கேன். இந்தத் தடவை அம்மா பேரை மட்டும்தான் போட்டிருக்கேன். உன் பேரை எழுதிட்டு அடிச்சேன். அடிச்சது தெரியும், பார்த்துக்க.

நீ கடிதம் எழுது. வீட்டுல என்ன நடக்குது, தெருவுல யார் போறாங்க, எது வேணா எழுது. பார்த்ததை மட்டும் எழுது.

க்ளென்